வைரத்துக்குள்ள இருக்கிற என்வி சென்டரை எல்லாம் ஒரே பக்கம் திருப்ப முடியுமா?

கேள்விய நான் எப்படி புரிஞ்சுக்கிட்டேன்னு முதல்ல சொல்லிடுறேன். நீங்க எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சின்ன மேக்னடோமீட்டர் (காந்தப்புலம் அளக்கிற கருவி) கட்டிட்டு இருக்கீங்க, கைல இருக்கிறது 100 முகமா (100, 111ங்கிறது படிகத்துல முகம் பாக்கிற திசையோட பேர்) வெட்டின ஒரு சிவிடி, அதாவது வாயுவுல இருந்து வளர்த்த, வைரத் துண்டு, எலக்ட்ரான் பீம்ல போட்டு சூடு பண்ணி என்வி (ஒரு நைட்ரஜன் அணுவும் பக்கத்துல ஒரு காலி இடமும் சேந்த குறை) உண்டாக்கினது. என்வி எல்லாம் ஒரே திசையில இருந்தா சென்சிட்டிவிட்டி நாலு மடங்கு ஏறும்னு படிச்சிருக்கீங்க, அதனால இந்தத் துண்டையே காந்தம் வச்சோ திரும்ப சூடு பண்ணியோ அலைன் பண்ணிட முடியுமா, இல்ல காசு போட்டு 111 வைரம்தான் வாங்கணுமான்னு கேக்குறீங்க. இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. அலைன் பண்ண முடியுமாங்கிறது ஒண்ணு. நீங்க வாய்விட்டுக் கேக்காத இன்னொண்ணு, அந்த நாலு மடங்கு உங்க மேஜையில நிஜமா கிடைக்குமாங்கிறது. முதல் கேள்விக்கு பதில், வளர்ந்து முடிஞ்ச துண்டுல இன்னைக்கு நடைமுறையில முடியாது. ரெண்டாவதுக்கு, பெரும்பாலும் அவ்வளவு கிடைக்காது. ஏன்னு விளக்கமா எழுதுறேன், ஏன்னா இந்த "நாலு மடங்கு"ங்கிற வார்த்தைய நம்பி நிறைய பேர் தப்பான வைரத்தை வாங்கிடுறாங்க.

என்னப் பத்தி ஒரு வரி. பத்து வருஷத்துக்கு மேல என்வி அளவீடு பண்ணிட்டு இருக்கேன், அதாவது லேசர், மைக்ரோவேவ், காந்தம், டிடெக்டர் இதுதான் என் வேலை. வைரம் வளர்க்கிறது என் கைப்பழக்கம் கிடையாது, வளர்க்கிறவங்களோட உக்காந்து சாம்பிளுக்கு சாம்பிள் பேசிப் பேசி தெரிஞ்சுக்கிட்டதுதான். அதனால அளவீடு பத்தி சொல்றத என் அனுபவமா எடுத்துக்குங்க, வைரம் வளர்க்கிற ரியாக்டர் பத்தி சொல்றத வளர்க்கிற ஒருத்தர்கிட்டயும் கேட்டு உறுதி பண்ணிக்குங்க.

வைரத்துல ஒவ்வொரு கார்பன் அணுவும் நாலு பக்கத்து அணுவோட கை கோத்து நிக்குது, அந்த நாலு கையும் 109.5 டிகிரி விலகி இருக்கும். ஒரு கார்பன் இடத்துல நைட்ரஜன் வந்து உக்காந்து, அதுக்கு அடுத்த இடம் காலியா இருந்தா அதுதான் என்வி. நைட்ரஜன்ல இருந்து காலி இடத்துக்கு கோடு போட்டா அதுதான் அதோட அச்சு. கை நாலு இருக்கிறதால அச்சும் நாலு திசையில ஏதோ ஒண்ணாத்தான் இருக்க முடியும். சும்மா உருவான வைரத்துல நாலும் கால் பங்கு கால் பங்கா கலந்து கிடக்கும். இங்கதான் முதல் குழப்பம். பச்சை லேசர் அடிச்சா என்வியோட ஸ்பின் (எலக்ட்ரானோட குட்டி காந்தத் தன்மை) எல்லாம் பூஜ்ஜிய நிலைக்கு வந்து சேரும், அத ஸ்பின் போலரைசேஷன்னு சொல்லுவாங்க, சில பேர் அதையும் அலைன்மென்ட்டுன்னே எழுதிடுறாங்க. காந்தம் வச்சா ஸ்பின்னோட சக்தி மட்டம் நகரும், ஆனா அச்சுங்கிறது அணு எங்க உக்காந்திருக்குங்கிற விஷயம், சுவத்துல செங்கல் எப்படி வச்சிருக்கோ அது மாதிரி. காம்பஸ் முள் மாதிரி காந்தத்தப் பாத்து அது திரும்பாது. எவ்வளவு பெரிய காந்தம் வச்சாலும் சரி.

அப்போ அலைன் ஆன வைரம்னு விக்கிறாங்களே அது எப்படி வருதுன்னா, வளரும்போதே அப்படித்தான் வளருது. 2012-ல 110 முகத்துல வளர்த்த சிவிடி வைரத்துல, நாலு திசையில ரெண்டுதான் இருக்கு, மத்த ரெண்டும் கிட்டத்தட்ட இல்லவே இல்லன்னு பாத்தாங்க. இல்லாமப் போன ரெண்டும் வளரும் தளத்துக்குள்ளயே படுத்திருக்கிற திசைகள், இருந்த ரெண்டும் தளத்தை விட்டு வெளிய நிமிந்து நிக்கிற திசைகள். இந்த ஒரு தகவலே பெரிய துப்பு, படுத்திருக்கிறது உருவாகல, நிமிந்து நிக்கிறதுதான் உருவாகுது. அப்போ நாலுல ஒண்ணு மட்டும் நேரா மேல பாக்கிற முகத்துல வளர்த்தா என்ன ஆகும்? அதுதான் 111. 2014-ல மூணு குழு கிட்டத்தட்ட ஒரே சமயத்துல அத வெளியிட்டாங்க, ஜெர்மனியும் ஜப்பானும் சேந்த குழு 94 சதவீதம், பிரான்ஸ் குழு 97 சதவீதம், ஜப்பான் குழு ஒண்ணு 99 சதவீதத்துக்கும் மேல. ஒரே வருஷத்துல தனித்தனியா மூணு பேர் பாத்ததால இது உறுதியான விஷயம், இதுல சந்தேகப்பட ஒண்ணுமில்ல. அடுத்த வருஷம் 113 முகத்துலயும் பாத்தாங்க, அங்க 73 சதவீதம் ஒரே அச்சுல வந்துச்சு. உங்க 100 முகத்துல மட்டும் ஏன் இது நடக்கலன்னா, அங்க நாலு அச்சும் மேல்நோக்கிக் கோட்டுல இருந்து அதே 54.7 டிகிரி சாஞ்சு நிக்குது, வளர்ச்சிக்கு நாலும் ஒண்ணுதான், ஒண்ண விட்டு ஒண்ண தேர்ந்தெடுக்க காரணமே இல்ல.

ஏன் நேரா மேல பாக்குதுங்கிறதுக்கு சொல்லப்படுற விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 111 பரப்புல மேல இருக்கிற அணுவுக்கு மூணு கை கீழ கோத்திருக்கும், ஒரு கை நேரா மேல நீட்டிட்டு இருக்கும். அங்க கார்பனுக்கு பதிலா நைட்ரஜன் வந்தா, நைட்ரஜனுக்கு மூணு கையே போதும், நாலாவது பக்கம் ஒரு ஜோடி எலக்ட்ரான வச்சுக்கிட்டு சும்மா இருக்கும், மேல வர்ற கார்பனோட கோக்க அதுக்கு இஷ்டமில்ல. அதனால அதுக்கு நேர் மேல இருக்கிற இடம் காலியாவே விடப்பட்டு, சுத்தி இருக்கிற கார்பன் எல்லாம் அடுத்த அடுக்க போட்டு மூடிடுது. கீழ நைட்ரஜன், மேல காலி இடம், அச்சு நேரா மேல. மத்த மூணு திசையும் பக்கவாட்டுல சாஞ்சது, அதுல காலி இடம் வரணும்னா பக்கத்துலயே கூடவே வளர்ற அடுக்குல ஓட்டை விழணும், அது செலவு அதிகம். அலைன்மென்ட் நடக்குதுங்கிறது அளந்து பாத்த உண்மை, ஆனா இந்த அடுக்கு அடுக்கான கதை பெரும்பாலும் கணக்குல இருந்து வந்தது, வளரும்போது அணு அணுவா யாரும் பக்கத்துல இருந்து பாக்கல. ரெண்டையும் ஒரே உறுதியோட எடுத்துக்காதீங்க.

இப்போ உங்க துண்டு. எலக்ட்ரான் பீம் அடிச்சா கார்பன் அணுக்கள் இடம் பெயந்து காலி இடங்கள் சிதறிக் கிடக்கும், 800 டிகிரி பக்கம் சூடு பண்ணினா அந்த காலி இடங்கள் அலைய ஆரம்பிச்சு, ஏதோ ஒரு நைட்ரஜன் பக்கத்துல வந்து மாட்டிக்கும். எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சோ அந்தப் பக்கம் உக்காரும், நாலு பக்கமும் சம வாய்ப்பு. மாட்டிக்கிட்டதுக்கு அப்புறம் அதே சூட்டுல அது நைட்ரஜன சுத்தி இடம் மாறுறது ரொம்ப கஷ்டம், ஏன்னா தனி காலி இடம் நகர 2.3 எலக்ட்ரான் வோல்ட் கிட்ட போதும், ஆனா என்வி தன் திசைய மாத்திக்க கணக்குப்படி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தடை இருக்கு. இந்த பூட்டுதான் அலைன் பண்ணி வளர்த்த வைரத்தை காப்பாத்துது, ரியாக்டர் சூட்டுல வளர்த்தும் திசை கலையாம இருக்கு. அதே பூட்டுதான் உங்கள மாதிரி அப்புறமா திருப்ப நினைக்கிறவங்களுக்கு தடையும். அதோட, ரொம்ப சூடு பண்ணி பூட்டைத் திறந்துட்டாலும் ஒரே பக்கம் போகச் சொல்ல ஒரு காரணம் வேணும், இல்லன்னா நாலு பக்கமும் கலைஞ்சு பழையபடி கால் கால் பங்குதான்.

அந்தக் காரணமா அழுத்தத்த பயன்படுத்தலாம்னு 2014-ல ஒரு கணக்கு வந்துச்சு, 111 அச்சுக்கு குறுக்கா ரெண்டு பக்கமும் 2 சதவீதம் அமுக்கி வச்சு 970 டிகிரில சூடு பண்ணினா 89 சதவீத என்வி ஒரே அச்சுக்கு வரும்னு. அழகான யோசனை. ஆனா வைரத்த 2 சதவீதம் சுருக்கி அந்த சூட்டுல பிடிச்சு வைக்கிறதுங்கிறது காலேஜ் லேப் சமாச்சாரம் இல்ல. நான் இத உங்க ப்ராஜெக்ட் திட்டத்துல எழுத மாட்டேன்.

சரி, நாலு மடங்குக்கு வருவோம். இத நீங்களே பேப்பர்ல போட்டுப் பாக்கலாம். ஒளியால படிக்கிற காந்தமானியோட சென்சிட்டிவிட்டி ஒளித்துகள் இரைச்சல்தான் எல்லைன்னு வச்சா, அது டிப் (மைக்ரோவேவ் அலைவெண்ண மாத்திட்டே போனா என்வியோட சிவப்பு ஒளி சில இடத்துல குறையும், அந்தப் பள்ளம்) எவ்வளவு ஆழம்ங்கிறதுக்கு நேர் விகிதமாவும், வர்ற ஒளிய எடுத்தா அதோட வர்க்கமூலத்துக்கு விகிதமாவும் நல்லா ஆகும். காந்தப்புலத்தை ஒரு 111 அச்சு வழியா வச்சு அந்த ஒரு திசை என்வியோட டிப்ப மட்டும் பாக்குறீங்கன்னா, மத்த மூணு திசை என்வியும் சும்மா சிவப்பு ஒளிய கொட்டிட்டு இருக்கு, உங்களுக்கு அது வெறும் பின்னணி வெளிச்சம், டிப் ஆழம் கால் பங்காயிடும். எல்லாம் ஒரே திசைன்னா அதே வெளிச்சத்துல டிப் நாலு மடங்கு ஆழம், சென்சிட்டிவிட்டியும் நாலு மடங்கு. படிச்சது இதத்தான், கணக்கு சரிதான். ஆனா இது ஒப்பிடுறது மோசமான ஒரு ஏற்பாட்டோட. உங்க 100 துண்டுல இன்னொரு வழி இருக்கு, காந்தப்புலத்தை நேரா 100 திசையில, அதாவது முகத்துக்கு செங்குத்தா வைங்க. அப்போ நாலு அச்சும் புலத்துக்கு ஒரே கோணத்துல இருக்கும், நாலோட டிப்பும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து முழு ஆழம் வந்துடும். இழக்கிறது என்னன்னா ஒவ்வொண்ணும் புலத்தோட 0.577 பங்கத்தான் உணரும். அதாவது அலைன் ஆன 111 வைரம் இந்த ஏற்பாட்ட விட 1.73 மடங்குதான் நல்லது, நாலு மடங்கு இல்ல. காந்தத்தைத் திருப்பி வைக்க செலவு கிடையாது.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, அது பல பேர் பேசறதே இல்ல. வளரும்போதே உருவான என்விதான் அலைன் ஆகும்னு சொன்னேன்ல, ஆனா அப்படி தானா உருவாகிறது உள்ள போன நைட்ரஜன்ல ரொம்பக் கம்மி, பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழ. மீதி நைட்ரஜன் எல்லாம் தனியா உக்காந்து தன் ஸ்பின்னால உங்க என்விய தொந்தரவு பண்ணிட்டு இருக்கும், பத்து லட்சத்துல ஒரு நைட்ரஜன் இருந்தாலே டீபேசிங் நேரம் (ஸ்பின்கள் தாளம் தப்பாம சேந்து இருக்கிற நேரம்) 10 மைக்ரோசெகண்ட் பக்கம் வந்து நின்னுடும். எலக்ட்ரான் பீம் அடிச்ச வைரத்துல அதே நைட்ரஜன்ல 10 சதவீதமோ அதுக்கு மேலயோ என்வியா மாத்தலாம். உதாரணத்துக்கு அலைன் ஆனதுல 0.5 சதவீதம், பீம் அடிச்சதுல 10 சதவீதம்னு வச்சுக்குங்க. என்வி எண்ணிக்கை 20 மடங்கு வித்தியாசம், வர்க்கமூலம் எடுத்தா 4.5 மடங்கு. அலைன்மென்ட்ல கிடைச்ச நாலு மடங்கு முழுசா போயி அதுக்கு மேலயும் போயிடுச்சு. சரி, அலைன் ஆன வைரத்துலயே பீம் அடிச்சு எண்ணிக்கைய ஏத்தலாமேன்னா ஏறும், ஆனா புதுசா வர்றது எல்லாம் நாலு பக்கமும் சிதறி வரும், காசு குடுத்து வாங்கின அலைன்மென்ட் நீர்த்துப் போயிடும். இந்தத் துறையில இன்னும் தீராம இருக்கிற இழுபறி இதுதான், எண்ணிக்கையா திசையான்னு. ஜப்பான்ல 2017-ல கன சென்டிமீட்டருக்கு 10 ஆயிரம் லட்சம் கோடிங்கிற அளவுல, அதாவது ஒண்ணுக்குப் பின்னால 16 பூஜ்ஜியம், அலைன் ஆன என்விய வளர்த்துக் காட்டினாங்க, அது நல்ல முன்னேற்றம்.

ஒரு சொந்த அனுபவம் சொல்றேன், இது உங்களுக்கு நேரடியா உதவும். வேலைக்குச் சேந்த ரெண்டாவது வருஷம், புதுசா வந்த ஒரு சாம்பிள மாட்டி மைக்ரோவேவ் அலைவெண்ண ஸ்வீப் பண்ணினேன், திசைக்கு ரெண்டுன்னு எட்டு டிப் வரவேண்டிய இடத்துல ரெண்டே டிப்தான் இருந்துச்சு, சுத்தமா, ஆழமா. முழு அலைன்மென்ட்னு முடிவு பண்ணி அன்னைக்கு ராத்திரியே எல்லாருக்கும் மெயில் அனுப்பிட்டேன். உண்மையில அது உறையில பேர் மாறி வந்த சாதாரண 100 துண்டு, காந்தம் தற்செயலா 100 திசைக்கு ரொம்ப கிட்ட இருந்ததால நாலும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு. மூணு வாரம் அந்த சாம்பிள வச்சு எடுத்த டேட்டா எல்லாத்தையும் தப்பான கோணத்துல கணக்குப் போட்டிருந்தேன். கண்டுபிடிச்சது கூட வேலை செஞ்ச ஒரு அக்கா, அவங்க காந்தத்த விரலால லேசா தட்டிவிட்டாங்க, ரெண்டு டிப்பும் நாலா பிரிஞ்சு எட்டாயிடுச்சு. அதுல இருந்து எந்த சாம்பிளா இருந்தாலும் காந்தத்த ரெண்டு மூணு பக்கம் சாச்சுப் பாக்காம நான் அலைன்மென்ட்னு வாயே திறக்கிறது இல்ல. நிஜமா அலைன் ஆனதுன்னா எப்படி சாச்சாலும் ரெண்டே டிப்தான், பிரியாது, கிட்ட வரும் தள்ளிப் போகும் அவ்வளவுதான்.

இன்னொரு சோதனை, அளவு தெரிஞ்ச காந்தப்புலம் வைங்க. 10 காஸ் புலம் அச்சு வழியா இருந்தா ரெண்டு டிப்புக்கும் நடுவுல 56 மெகாஹெர்ட்ஸ் இருக்கணும். நாலும் கலந்த துண்டுல புலத்தை 111 வழியா வச்சா வெளிப்பக்கம் 56-ல ஒரு ஜோடி, உள்பக்கம் 19 மெகாஹெர்ட்ஸ் கிட்ட மூணும் சேந்த பெரிய ஜோடி, பரப்பு ஒண்ணுக்கு மூணு. 100 வழியா வச்சா ஒரே ஜோடி 32 மெகாஹெர்ட்ஸ்ல. எத்தனை சதவீதம் அலைன்னு சொல்லணும்னா அந்த உள்ஜோடி எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்கணும், ஆனா வெறும் ஆழத்த ஒப்பிட்டா ஏமாத்தும், ஏன்னா குறுக்குப் புலம் அதிகமானா சாஞ்ச என்வியோட டிப் தானாவே மங்கிடும், இல்லாத மாதிரி காட்டும். புலத்தை சின்னதா வச்சு அளங்க, மைக்ரோவேவ் எல்லா திசைக்கும் சமமா போய்ச் சேருதான்னும் பாருங்க. 94, 97, 99ன்னு வர்ற எண்கள ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடும்போதும் இத மனசுல வைங்க, எத்தனை என்வி எண்ணினாங்க, எப்படி எண்ணினாங்கங்கிறதப் பொறுத்து அந்த கடைசி ரெண்டு மூணு சதவீதம் மாறும்.

அப்போ அலைன் ஆன 111 வைரம் யாருக்குன்னா, பரப்புக்கு ரொம்ப கிட்ட மெல்லிசான என்வி அடுக்கு வேணும்கிறவங்களுக்கு, உதாரணமா வைரத்து மேல வச்ச மூலக்கூறோட அணுக்கரு சிக்னல கேக்கிறவங்களுக்கு. அங்க ஒவ்வொரு என்வியும் கணக்கு. அதுலயும் 111 முகத்துல நிமிந்து நிக்கிற என்வி ஒளிய உமிழ்ற இருமுனை (குட்டி ஆன்டெனா மாதிரி) ரெண்டும் முகத்துக்கு இணையா படுத்திருக்கும், அதனால ஒளி மேல்நோக்கி நல்லா வரும், வைரத்தோட ஒளிவிலகல் எண் 2.4, 24 டிகிரி சொச்சத்துக்கு மேல சாஞ்சு வர்ற ஒளி வெளிய வரவே வராதுங்கிறப்போ இது சின்ன விஷயம் இல்ல. வலுவான புலத்துல அளக்கிறவங்களுக்கும் இது வேணும், ஏன்னா அங்க நான் சொன்ன 100 வழி உதவாது, குறுக்குப் புலமே டிப்ப அழிச்சிடும். ஆனா புலத்தோட மூணு திசைக் கூறும் வேணும்னா அலைன் ஆன வைரம் வேண்டவே வேண்டாம், நாலு அச்சும் இருக்கிறதுதான் அங்க வரம். 2013-ல ஹார்வர்ட் ஆட்கள் உயிரோட இருக்கிற காந்த பாக்டீரியாவோட புலத்த படம் எடுத்தப்போ நாலு திசை என்வியும் இருந்ததாலதான் திசையோட சேத்து அளக்க முடிஞ்சுது.

111 வைரத்துக்கு விலை ஏன் அவ்வளவுன்னும் கேட்டிருந்தீங்க. வைரத்துல மெருகேத்த ரொம்ப கஷ்டமான முகமே 111 தான், கல்லுல தேய்ச்சா கல்லுதான் தேயும். அடித்தட்டு வைரம் சில மில்லிமீட்டர் அளவுலதான் கிடைக்கும். வளர்க்கும்போது இரட்டைப் படிகம் சுலபமா விழுந்துடும், அத தவிர்க்க மீத்தேன ரொம்பக் குறைச்சு மெதுவா, படி படியா வளர வைக்கணும், அதுக்கு முகத்த சில டிகிரி சாய்வா வெட்டியிருக்கணும். நகைக்கு சூரத்ல வளர்க்கிற சிவிடி வைரம் மலிவா கிடைக்குதே அத வெட்டி எடுத்துக்கலாமான்னு கேட்டதுக்கு, அது வளர்றது 100 முகத்துல, அத அப்புறமா 111 பக்கம் வெட்டினா முகம்தான் 111 ஆகும், உள்ள என்வி வளந்தபடியேதான் இருக்கும்.

உங்க இடத்துல நான் இருந்தா இப்போ வைரம் வாங்க மாட்டேன். கைல இருக்கிற 100 துண்டுக்கு மேல ஒரு நல்ல நிரந்தர காந்த ஜோடிய சமச்சீரா வச்சு, எட்டு டிப்பும் ரெண்டா சேர்ற வரைக்கும் கோணத்த திருகுவேன், மைக்ரோவேவ் லூப்ப துண்டுக்கு இணையா தட்டையா வைப்பேன், அப்போ அதோட புலமும் 100 வழியா வந்து நாலு திசையையும் ஒரே அளவுக்கு ஆட்டும். அதுக்கு அப்புறம் ரெண்டு டிப்பையும் சேத்தே அளந்து வித்தியாசத்த எடுக்கணும், ஏன்னா அறை சூடு ஒரு டிகிரி மாறினா ரெண்டும் சேந்து 74 கிலோஹெர்ட்ஸ் நகரும், ஒண்ண மட்டும் பாத்துட்டு இருந்தா ஃபேன் போட்டது கூட காந்தப்புலமா தெரியும். அத முடிச்சிட்டு வர்ற சென்சிட்டிவிட்டி 1.73 மடங்கு நல்லா ஆனா எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த எண் உங்க ப்ராஜெக்ட்டுக்கு நிஜமாவே அவசியம்னா, வாங்கப்போற அலைன் ஆன துண்டோட நைட்ரஜன் அளவையும் அதுல எத்தனை என்வியா இருக்குன்னும் விக்கிறவங்ககிட்ட எழுத்துல கேட்டு வாங்கிட்டு, அப்புறம் ஆர்டர் போடுங்க.